ஆங்கில வினாப் பெயர்கள்

ஆங்கில வினாப் பெயர்கள் என்பவை, ஆங்கில மொழியில் ஒருவரையோ ஒரு பொருளையோ பற்றி வினவும்பொழுது, விடையாக வரவேண்டிய பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும் சொற்கள் ஆகும். ஹூ, ஹூம், ஹூஸ், விச், வாட் ஆகிய ஐந்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. அகராதிகள் இவற்றுக்கு முறையே யார், யாரை, யாருடையது, எது, என்ன எனப் பொருள் தருகின்றன. இப்பொருள்கள் பிழையானவை அல்ல. எனினும் இவற்றை மட்டும் நம்பி ஆங்கிலத்தில் வினவும் தமிழர் அடிக்கடி இடறுவர். தமிழ் தன் வினாப் பெயர்களைத் திணை, பால், எண் ஆகியவற்றைக் கொண்டு பிரிக்கின்றது. ஆங்கிலமோ திணை வேறுபாட்டை ஓரளவே பேணி, விடை முன்பே தெரிந்த ஒரு தொகுதியிலிருந்து வரவேண்டுமா, இல்லையா என்பதைக் கொண்டு பிரிக்கின்றது. தமிழ் கற்றவர் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

இலக்கண நூல்களில் இச்சொற்கள் வினாப் பிரதிப்பெயர், வினாப் பதிலிடு பெயர் எனவும் வழங்கப்படுகின்றன. வேர், வென், வை, ஹவ் ஆகியனவும் வினாச் சொற்களே எனினும், அவை இடம், காலம், காரணம், முறை ஆகியவற்றை உணர்த்தி வினையடைகளாக நிற்பதால் இவ்வகையில் அடங்கா.

கீழே வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் எளாவூர் வட்டாரத்தையும் அதனையடுத்த பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் குப்பங்களையும் ஒட்டி அமைந்துள்ளன. எளாவூர், திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை – கூடூர் தொடர்வண்டிப் பாதையில், ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆகும். சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் சோதனைச்சாவடியால் இவ்வூர் பலருக்கும் அறிமுகமானது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இவ்வட்டாரத்தில் பள்ளி மாணவர் ஒருவர் ஆங்கிலத்தையும் சேர்த்து மூன்று மொழிகளின் வினாச் சொற்களைக் கையாள நேர்கின்றது.

சொற்களின் தோற்றம்

பழைய ஆங்கிலத்தில் ஹூ, வாட் ஆகிய இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்களாக இருந்தன. முன்னது ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொது. பின்னது அஃறிணைக்கு உரியது. ஹூம் என்பது அச்சொல்லின் நான்காம் வேற்றுமை வடிவிலிருந்தும், ஹூஸ் ஆறாம் வேற்றுமை வடிவிலிருந்தும் வந்தவை. காரணம் வினவும் வை என்பதும் வாட் என்பதன் கருவி வேற்றுமை வடிவத்திலிருந்து தோன்றியதே. விச் என்பது 'எத்தன்மையது' என்னும் பொருள்படும் ஒரு கூட்டுச்சொல்லின் தேய்வு ஆகும்.

இச்சொற்கள் சமசுகிருதத்தின் க, கிம் முதலியவற்றுடனும் இலத்தீனின் குவிஸ் என்பதுடனும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. எ, யா என்னும் அடிகளிலிருந்து தோன்றும் திராவிட வினாச் சொற்களுக்கும் இவற்றுக்கும் உறவில்லை. எனவே தமிழருக்கு எவர், தெலுங்கருக்கு எவரு என எளிதில் விளங்கும் ஒற்றுமையை ஆங்கிலத்தில் எதிர்பார்க்க இயலாது.

ஆங்கிலம் இழந்துவிட்ட வினாப் பெயர் ஒன்றும் உண்டு. இன்று 'இதுவா அதுவா' என்னும் ஐயத்தை இணைக்கப் பயன்படும் வெதர் என்னும் சொல், முன்னர் 'இரண்டனுள் எது' எனப் பொருள்படும் வினாப் பெயராக இருந்தது. 1611ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் இப்பொருளில் வருகின்றது. சமசுகிருதத்தில் இரண்டனுள் ஒன்றைக் கேட்கக் கதர எனவும் பலவற்றுள் ஒன்றைக் கேட்கக் கதம எனவும் தனிச்சொற்கள் உள்ளன. ஆங்கிலத்தில் வெதர் விட்டுச்சென்ற பணியையும் விச் என்பதே இன்று செய்கின்றது.

திணையும் பாலும்

தமிழில் எவன், எவள், எவர், எது, எவை என ஐம்பாலுக்கும் வினாப் பெயர் உண்டு. யார் என்பது உயர்திணையின் மூன்று பால்களுக்கும் பொது என நன்னூல் கூறுகின்றது. ஆங்கிலத்தின் ஹூ ஏறத்தாழ இந்த யார் போன்றது. ஆண், பெண், ஒருமை, பன்மை ஆகிய எதனையும் அது காட்டாது. எவன் என்பதில் இன்று ஏறியுள்ள மதிப்புக் குறைவையோ, எவர் என்பதன் மரியாதையையோ ஹூ என்னும் சொல்லால் உணர்த்த முடியாது. தெருவில் ஒருவர் சினத்துடன் "எவன்டா வலையை அறுத்தது?" என்று கேட்பதும், ஊர்க்கூட்டத்தில் பெரியவர் "வலையை அறுத்தவர் எவர்?" என்று கேட்பதும் ஆங்கிலத்தில் "ஹூ கட் த நெட்?" என்னும் ஒரே தொடராகிவிடும். வேறுபாட்டைக் குரலும் பிற சொற்களுமே காட்டவேண்டும்.

பழந்தமிழில் எவன் என்னும் வேறொரு சொல் அஃறிணை இருபாலுக்கும் பொதுவான வினாவாக, இன்றைய 'என்ன' என்னும் பொருளில் வழங்கியது. பழைய நூல்களைப் படிக்கும் மாணவர் இதனை ஆண்பால் எவன் எனக் கொண்டு தடுமாறுவது உண்டு.

கதவு தட்டப்படும்பொழுது தமிழர் "யாரது?" என்பர். வந்தவர் மனிதர் என்பதில் ஐயமில்லை. இருந்தும் 'அது' என்னும் அஃறிணைச் சுட்டு வருகின்றது. ஆங்கிலமும் இவ்விடத்தில் "ஹூ இஸ் இட்?" என்றே கேட்கும். "ஹூ இஸ் ஹீ?" எனக் கதவுக்கு உள்ளிருந்து கேட்பது பிழை. ஆள் இன்னார் எனத் தெரியாதவரை இரு மொழிகளும் பாலைச் சுட்டாமல் விடுகின்றன. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் இதற்கு விதியே வகுத்துள்ளது. தொலைவில் தோன்றுவது ஆணா பெண்ணா என ஐயுற்றால் பன்மையால் கூறவேண்டும். மனிதனா மரக்கட்டையா என ஐயுற்றால் 'உருபு' போன்ற பொதுச்சொல்லால் கூறவேண்டும் என்பது அதன் கருத்து.

இவ்விதியின் முதற்பகுதி ஆங்கிலத்தில் இன்றும் காணப்படுகின்றது. கரையில் யாரோ ஒருவர் விட்டுச்சென்ற வலையைப் பற்றி "ஹூ லெஃப்ட் தேர் நெட் ஹியர்?" எனக் கேட்கும்பொழுது, ஒருவரைக் குறிக்கவே 'அவர்களுடைய' என்னும் பன்மைச் சொல் வருகின்றது. பழைய பாடநூல்கள் இவ்விடத்தில் 'அவனுடைய' எனப் பொருள்படும் ஹிஸ் என்பதையே வலியுறுத்தின. ஆனால் பன்மையை ஒருவருக்கு வழங்கும் முறை ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே உள்ளது. மரியாதைப் பன்மைக்குப் பழகிய தமிழருக்கு இது இயல்பாகவே தோன்றும்.

"ஹூ இஸ் ஹீ?", "வாட் இஸ் ஹீ?" என்னும் இரண்டும் மனிதரைப் பற்றியவையே. முன்னது அவர் இன்னார் என்பதையும், பின்னது அவர் செய்யும் தொழிலையும் கேட்கின்றது. 1930களில் வெளிவந்து இந்தியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பயிலப்படும் ரென் – மார்ட்டின் இலக்கண நூல் வழியாக இவ்வேறுபாட்டை அறிந்தோர் பலர். இன்றைய பேச்சில் தொழிலை அறிய "வாட் டஸ் ஹீ டூ?" எனக் கேட்பதே மிகுதி. முன்பின் அறியாதவரைப் பற்றி "வாட் இஸ் ஹீ?" எனக் கேட்பது மதிப்புக் குறைவாக ஒலிக்கவும் கூடும்.

விச், வாட் வேறுபாடு

தமிழ் கற்றவருக்கு மிகுந்த தொல்லை தருவது இவ்விரு சொற்களின் எல்லையே. விடை எந்தத் தொகுதியிலிருந்து வரவேண்டும் என்பது கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் தெரிந்திருந்தால் விச் வரும். தொகுதி திறந்து கிடந்தால் வாட் வரும். ஏலக்கூடத்தில் முன்பின் பார்த்திராத மீன் ஒன்றைக் காட்டி அதன் பெயரைக் கேட்பவர் "வாட் ஃபிஷ் இஸ் திஸ்?" என்பார். மடவை, கொடுவா ஆகிய இரண்டையும் எதிரில் வைத்து விலை கூடியது எதுவெனக் கேட்பவர் "விச் இஸ் காஸ்ட்லியர்?" என்பார்.

தமிழிலும் என்ன, எது ஆகியவற்றுக்கிடையே இத்தகைய வேறுபாடு உண்டு. ஆயின் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. "ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகர் எது?" என்பது இயல்பான தமிழ். தொகுதி எதுவும் தரப்படாதபொழுதும் இங்கே எது வருகின்றது. இதனை அப்படியே பெயர்த்து "விச் இஸ் த கேப்பிட்டல்?" என வினவுவது இந்தியா முழுவதும் காணப்படும் பழக்கம். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் வாட் என்பதே பொருந்தும். விசயவாடா, அமராவதி, விசாகப்பட்டினம் எனப் பெயர்களைத் தந்து அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு கேட்டால் விச் சரியாகும். "உங்கள் ஊர் எது?" என்பதற்கோ இரண்டுமே பொருந்தா, "வேர் ஆர் யூ ஃப்ரம்?" என வினையடையால் கேட்பதே ஆங்கில வழக்கு.

இவ்வேறுபாட்டை ஆங்கிலேயரிடமிருந்துதான் தமிழர் கற்கவேண்டும் என்பதில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் யாது, எவன் ஆகிய இரு சொற்களும் அறியாத பொருளை வினவ வரும் எனக் கூறி, அவற்றுள் யாது என்பது அறிந்த பொருளில் ஐயம் நீக்கிக் கொள்ளவும் வரும் என அடுத்த நூற்பாவில் தனியே விதந்து கூறுகின்றது. தம் எருதுகள் ஐந்தனுள் காணாமற்போனது எது என வினவுவதை உரையாசிரியர் எடுத்துக்காட்டாகத் தருகின்றனர். ஐந்து எருதுகளும் உரியவருக்கு நன்கு தெரிந்தவை. தெரியாதது அவற்றுள் எது என்பது மட்டுமே. இதுவே விச் என்பதன் இலக்கணம். எவன் என்னும் சொல்லுக்கு இந்த இரண்டாம் பயன் தரப்படவில்லை என்பதால் அது வாட் என்பதற்கு நெருங்கியது. யாது என்னும் அச்சொல் இன்று பேச்சில் மறைந்து வினாத்தாள்களிலும் அலுவலகப் படிவங்களிலும் மட்டும் எஞ்சியுள்ளது. அங்கும் அது பெரும்பாலும் அறியாப் பொருளையே வினவுகின்றது.

அடுத்த பிழை மனிதரைப் பற்றியது. தமிழில் எது அஃறிணைக்கே உரியது ஆதலால், விச் என்பதையும் மனிதருக்கு வழங்கலாகாது எனப் பலர் கருதுகின்றனர். தொகுதி தெரிந்திருந்தால் ஆங்கிலம் திணையைப் பொருட்படுத்தாது. "உங்களில் யார் படகை ஓட்டுவது?" என்பதற்கு "விச் ஆஃப் யூ" எனத் தொடங்குவதே முறை, "ஹூ ஆஃப் யூ" என்பது வழக்கில் மிக அரிது. உடன்பிறந்தார் மூவருள் ஒருவரைக் கேட்கவும் "விச் பிரதர்" என்றே வரும். இதில் இழிவு ஏதுமில்லை.

ஏது என்னும் தமிழ்ச் சொல்லையும் இங்கே குறிப்பிடலாம். "உனக்கு இந்தப் பணம் ஏது?" என்பது பணம் வந்த வழியைக் கேட்கின்றது. தெலுங்கின் ஏதி என்பதோ 'எது' என்னும் பொருளது. எல்லைப்புறத்தில் இரண்டும் கலந்து கேட்கும் மாணவர், தமிழ் ஏது என்பதற்கு விச் எனப் பொருள் கொண்டுவிடக் கூடாது. "வேர் டிட் யூ கெட்" எனத் தொடங்குவதே சரி.

இவ்வாறே "இதை ஆங்கிலத்தில் எப்படி அழைப்பர்?" என்பதைப் பெயர்த்து "ஹவ் டூ யூ கால் திஸ்?" எனக் கேட்பதும் பிழை. கேட்கப்படுவது அழைக்கும் முறை அன்று, பெயர். எனவே "வாட் டூ யூ கால் திஸ்?" எனப் பெயர்ச்சொல்லின் இடத்தில் நிற்கும் வாட் வரவேண்டும்.

ஹூம்

ஹூம் என்பது செயப்படுபொருளாகவோ முன்னிடைச் சொல்லுக்குப் பின்னரோ நிற்கும் வடிவம் ஆகும். இதன் பயன்பாடு ஆங்கிலேயருக்கே ஐயம் தருவது. அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1789ஆம் ஆண்டிலேயே, வினாவின் தொடக்கத்தில் ஹூ என்பதே இயல்பான வழக்கு என வாதிட்டார். மொழியியலாளர் எட்வர்டு சபீர் 1921இல் வெளியிட்ட தம் நூலில், இன்னும் ஓரிரு நூற்றாண்டுகளில் வினாவில் ஹூம் முற்றிலும் மறையும் என முன்னுரைத்தார். இன்றைய பேச்சில் "ஹூ டிட் யூ சீ?" என்பதைப் பிழை எனக் கருதுவோர் குறைவு. ஆனால் முன்னிடைச் சொல்லை அடுத்து உடனே வருமிடத்தில் ஹூம் இன்னும் நிலைத்துள்ளது. டு ஹூம், வித் ஹூம் என்பனவற்றை மாற்ற இயலாது. தேர்வுகளிலும் முறைசார்ந்த கடிதங்களிலும் ஹூம் எதிர்பார்க்கப்படுகின்றது.

வேற்றுமை உருபு உடைய மொழியைப் பேசும் தமிழருக்கு இது கடினமாக இருக்கவேண்டியதில்லை. வினாவைத் தமிழில் சொல்லிப் பார்த்து, யார் என வந்தால் ஹூ எனவும், யாரை, யாரோடு, யாரிடமிருந்து என உருபேற்று வந்தால் ஹூம் எனவும் கொள்ளலாம். "யாரைப் பார்த்தாய்?" என்பதில் ஐகார உருபு வெளிப்படையாகவே நிற்கின்றது. "ஹூ டிட் யூ சே கேம்?" என்னும் தொடரில் ஆங்கிலேயர் சிலர் கூட மிகைத் திருத்தமாக ஹூம் எனக் கூறிப் பிழைபடுவர். "யார் வந்ததாகச் சொன்னாய்?" எனத் தமிழில் வைத்துப் பார்த்தால் அங்கே உருபு இல்லை என்பது விளங்கும்.

எனினும் இவ்வழி மூன்று இடங்களில் ஏமாற்றும். முதலாவது நான்காம் வேற்றுமை. "யாருக்குத் தெரியும்?", "யாருக்குப் பசிக்கிறது?", "யாருக்கு இறால் வேண்டும்?" ஆகியவற்றில் தமிழ் கு உருபை இடுகின்றது. ஆங்கிலத்தில் அறிபவரும் பசித்தவரும் வேண்டுபவரும் எழுவாய்களே; எனவே "ஹூ நோஸ்?", "ஹூ இஸ் ஹங்ரி?", "ஹூ வான்ட்ஸ் பிரான்ஸ்?" என்றே வரும். இரண்டாவது உடைமை. "சாவி யாரிடம் இருக்கிறது?" என்பது "ஹூ ஹாஸ் த கீ?" ஆகும். மூன்றாவது ஆற்றல். "யாரால் முடியும்?" என்பது "ஹூ கேன்?" ஆகும். இம்மூன்றிலும் உருபைக் கண்டு ஹூம் இட்டால் தொடர் முழுவதும் சிதையும். "யாருக்குக் கொடுத்தாய்?" என்பதில் வரும் கு உருபு உண்மையான கொடைப்பொருளது; அங்கே டு ஹூம் வருவதே சரி.

ஹூஸ்

தமிழில் யாருடைய என்பது பெயரைத் தழுவி நிற்கும். யாருடையது என்பது தனியே பெயராக நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஹூஸ் ஒன்றே. 'ஹூ இஸ்' என்பதன் குறுக்கமும் இதே ஒலியுடையது ஆதலால் எழுதும்பொழுது இரண்டும் குழம்புகின்றன. குறுக்கத்தில் மட்டுமே எழுத்துக்குறைக்குறி வரும். உடைமைப் பொருளில் வராது. வினாவில் ஹூஸ் உயர்திணைக்கே உரியது. "இது எந்த மீனின் செதில்?" என்பதை ஹூஸ் கொண்டு கேட்டால் கேட்பவர் நகைப்பர், "வாட் ஃபிஷ்" என்றே தொடங்கவேண்டும்.

இச்சொல்லில் பொருள் சார்ந்த ஒரு சிக்கலும் உண்டு. பழவேற்காடு ஏரியின் மீனவர் குப்பங்களில் பாடு எனப்படும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஏரியில் இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடங்களை, உரிமையுடைய மீனவர்கள் முறைவைத்தும் சீட்டுக் குலுக்கியும் தமக்குள் பகிர்ந்து கொள்வது இவ்வழக்கம் ஆகும். இன்று ஒருவர் வலைகட்டும் இடத்தில் மற்றொரு நாள் வேறொருவர் வலைகட்டுவார். நல்ல இடமும் மோசமான இடமும் இவ்வாறு எல்லோருக்கும் மாறி மாறிக் கிடைக்கின்றன. "இன்று இந்தப் பாடு யாருக்கு?" என்பதே இங்கு இயல்பான வினா. தமிழின் கு உருபு அன்றைய முறையை மட்டும் சுட்டி, உடைமையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகின்றது.

இதனை "ஹூஸ் கிரவுண்ட் இஸ் திஸ்?" எனப் பெயர்த்தால், அவ்விடம் ஒருவருக்குச் சொந்தம் என்பது வினாவிலேயே அடங்கிவிடும். அவ்வாறு அச்சிடப்பட்ட படிவத்தில் அன்று அங்கே வலைகட்டியவரின் பெயரை எழுதினால், சுழற்சி உரிமை ஒன்று தனியுடைமையாகப் பதிவாகிவிடும். "ஹூஸ் டர்ன் இஸ் இட் டுடே?" என முறையைக் கேட்பதே பொருத்தமானது. மீனவரிடம் அவர் இடத்தைக் கேட்கும்பொழுதும் "விச் கிரவுண்ட்" என்பதே சரி. இடங்கள் யாவும் ஊரார் அறிந்தவை, குலுக்கலில் தெரிய வேண்டியது அவற்றுள் எது என்பது மட்டுமே. "வாட் கிரவுண்ட்" எனக் கேட்பவர் பாடு என்பதையே அறியாதவர் ஆகிறார்.

சொல் வரிசை

தமிழில் வினாப் பெயர், விடை நிற்கவேண்டிய இடத்திலேயே நிற்கும். "முருகன் எதை வாங்கினான்?" என்பதில் எதை இருக்கும் இடத்தில் படகை என இட்டால் விடை கிடைத்துவிடும். ஆங்கிலம் வினாப் பெயரைத் தொடரின் தலைக்குக் கொண்டுசெல்லும். உடன் துணைவினையையும் எழுவாய்க்கு முன் நிறுத்தும். வினாப் பெயரே எழுவாயாக இருக்கும்பொழுது மட்டும் இம்மாற்றம் தேவையில்லை. "ஹூ போட் த போட்?" என்பது சரி, வலியுறுத்தும் குறிப்பின்றி "ஹூ டிட் பை" என இடையே டிட் சேர்ப்பது பிழை.

ஒரு வினா மற்றொரு தொடருக்குள் அடங்கும்பொழுது நிலைமை தலைகீழாகும். "உன் பெயர் என்ன என்று சொல்" என்பதற்கு "டெல் மீ வாட் யுவர் நேம் இஸ்" என எழுவாயை முன்னும் வினையைப் பின்னும் வைக்கவேண்டும். "டெல் மீ வாட் இஸ் யுவர் நேம்" என்பது இந்தியாவில் படித்தவரிடையேயும் பரவலாக உள்ளது. நேர் வினாவைப் பாடுபட்டுக் கற்றபின், அதே வரிசையை எங்கும் வைப்பதால் நேர்வது இது. வேலை விண்ணப்பங்களிலும் நேர்முகத் தேர்வுகளிலும் முதலில் கண்ணில் படும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

நினைத்தல், சொல்லுதல் போன்ற வினைகள் வரும்பொழுது வினாப் பெயர் உள்தொடரிலிருந்து வெளியேறி வெளித்தொடரின் தலைக்குச் செல்லும். "யார் வருவார் என்று நினைக்கிறாய்?" என்பது "ஹூ டூ யூ திங்க் வில் கம்?" ஆகும். "டூ யூ திங்க் ஹூ வில் கம்?" என்பது தமிழ் வரிசையின் நிழல்.

யார் யார், என்னென்ன

விடை பலவாக இருக்கும் என எதிர்பார்க்கும்பொழுது தமிழ் வினாப் பெயரை இரட்டிக்கும். "யார் யார் வந்தார்கள்?", "என்னென்ன வாங்கினாய்?" என்பன அத்தகையன. ஆங்கிலத்தில் இதற்கு இணையான இரட்டிப்பு இல்லை. இந்திய ஆங்கிலத்தில் "ஹூ ஆல் கேம்?", "வாட் ஆல் டிட் யூ பை?" என ஆல் சேர்த்து இக்குறையை நிரப்பிக் கொள்கின்றனர். இதனை வெறும் பிழை எனத் தள்ளுவது சரியன்று. ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிப் பேச்சிலும் இதே அமைப்பு உண்டு. ஆயினும் பொது எழுத்து வழக்கு இதனை ஏற்பதில்லை. அங்கே ஹூ என்னும் சொல்லே ஒருவரையும் பலரையும் கேட்கும், பலர் வருவர் எனத் தெரிந்தும் "ஹூ இஸ் கமிங்?" என ஒருமை வினையே வரும்.

எத்தனையாவது

எத்தனையாவது என்னும் தமிழ் வினாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இல்லை. "அப்துல் கலாம் இந்தியாவின் எத்தனையாவது குடியரசுத் தலைவர்?" என்பது தமிழ்ப் பொது அறிவுப் போட்டிகளுக்கு ஏற்ற எளிய வினா, விடை, 11ஆவது. லெவந்த் என்னும் விடை ஆங்கிலத்தில் உண்டு, அதனை வருவிக்கும் வினாச் சொல் இல்லை. அவருக்கு முன் எத்தனை பேர் அப்பதவியில் இருந்தனர் எனச் சுற்றிக் கேட்டு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அல்லது வரிசையில் அவருடைய இடம் என்ன எனக் கேட்கவேண்டும். "ஹவ் மெனியெத்" எனச் சிலர் விளையாட்டாக ஆக்கிய சொல் முறையான வழக்கில் இடம்பெறவில்லை.

இது எல்லா ஐரோப்பிய மொழிகளுக்கும் பொதுவான குறை அன்று. இடாய்ச்சு மொழியில் வீஃபீல்ட எனவும் டச்சு மொழியில் ஹூஃபேல்ஸ்ட எனவும் நேரான சொற்கள் உள்ளன. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிப் பழவேற்காட்டைத் தம் சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக வைத்திருந்த டச்சுக்காரருக்கு, இங்குள்ள தமிழரும் தெலுங்கரும் கேட்கும் இவ்வினாவைப் பெயர்ப்பதில் தொல்லை இருந்திருக்காது. இலத்தீனின் குவோதுஸ் என்பதும் இப்பொருளதே. அதன் பெண்பால் வடிவமே, 'எத்தனையாவது பங்கு' என்னும் தொடர் வழியாக ஆங்கிலத்தில் புகுந்து, தமிழிலும் கோட்டா என வழங்குகின்றது. பங்கைக் குறிக்கும் சொல்லாக ஆங்கிலம் அதனை ஏற்றது, வினாவாக ஏற்கவில்லை.

தெலுங்கில் இதற்கு என்னோ, என்னவ ஆகிய வடிவங்கள் உள்ளன. ஆகவே கும்மிடிப்பூண்டியில் தொடர்வண்டி ஏறுபவர் "எளாவூர் எத்தனையாவது நிலையம்?" எனத் தமிழிலோ தெலுங்கிலோ கேட்டால் 'முதலாவது' என உடனே விடை பெறுவார். ஆங்கிலத்தில் மட்டும் அவர் "ஹவ் மெனி ஸ்டாப்ஸ் இஸ் இட் டு எளாவூர்?" என எண்ணிக்கையாக மாற்றிக் கேட்கவேண்டும்.